ஒதுக்கிவிடுதலும் ஒதுக்கிவைத்தலும்: ‘பள்ளிகொண்டபுரம்’ நாவலை முன்வைத்து

‘ஒதுக்கிவிட்டான்’ என்பதும் ‘ஒதுக்கிவைத்தான்’ என்பதும் ஒன்றல்ல. ‘விடு’ என்னும் துணைவினை செயல் முற்றுப்பெற்றதைச் சுட்டும். ‘வை’ என்பதோ செயலின் விளைவு பின்னொரு காலத்துக்கென இருத்தப்பட்டதைச் சுட்டும். ஊரார் ஒதுக்கிவைத்தவர் ஊரைவிட்டுப் போய்விடுவதில்லை என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

நீல. பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ (1970) நாவலில் வரும் அனந்தன் நாயரை அறிய இவ்வேறுபாடு பெரிதும் துணைபுரிகிறது. மனைவி கார்த்தியாயினி பிரிந்து சென்றபின் அவர் தம் துயரை வெளிக்காட்டாமல் பிள்ளைகளை வளர்க்கிறார். இதனைக் குறை கூறுவதற்கில்லை. பிள்ளைகளைக் கரைசேர்க்க வேண்டியவருக்கு வேறு வழி ஏது? எனினும் அவர் துயரை ஒதுக்கிவிடவில்லை, ஒதுக்கிவைத்தார். ஐம்பது வயதை எட்டும் வேளையில், ஏறத்தாழ இரண்டே நாள்களில், வைத்தவை அனைத்தும் மேலெழுகின்றன. திருவனந்தபுரமும் அவருக்கு மறக்க இடங்கொடுப்பதில்லை. தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கேகோட்டை வழியாகப் பத்மநாபசுவாமி கோயிலை நடந்தே அடைந்துவிடலாம். அத்துணைச் சிறிய எல்லைக்குள் வாழ்நாளைக் கழித்தவருக்கு நினைவைத் தூண்டாத தெரு அரிது. நாவலில் நனவோட்டம் சிலவிடங்களில் மிகையாகவே நீள்கிறது. ஆயினும் பேசப்படாத துயர் கூறியது கூறலாகவே திரும்பும் என்பதால் அதனை முழுக்கவும் குற்றமெனல் பொருந்தாது.

இத்தகைய மனநிலையை மலையாளத்தில் பெயர்ப்போர்க்கு ‘மாற்றிவச்சு’ என்னும் வடிவம் கைகொடுக்கும். அங்கும் ‘வை’ உண்டு. ஆங்கிலத்தில் இவ்விரு துணைவினைகளுக்கும் நேரிணை இல்லை. எனவே, துயர் தீர்ந்ததா, காத்திருக்கிறதா என்பதை மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோரிடத்திலும் தாமே துணிந்து, தனிச்சொல்லால் உணர்த்த வேண்டியுள்ளது.