பொப்பி மலரும் வகுப்பறையும்

ஒரு கவிதையை, ஒரு நாவலை விமர்சிப்பது போலவே ஒரு பாடவேளையையும் விமர்சிக்க முடியும், விமர்சிக்கவும் வேண்டும். வகுப்பறையில் நடைபெறும் ஒவ்வொரு செயலும் ஏதோவொரு கருத்தைப் பிள்ளையின் மனத்திற் பதிக்கின்றது. ஆசிரியர் வாயாற் சொல்லும் கருத்துக்கு அது சில வேளைகளில் மாறாகவும் அமைந்துவிடுகின்றது. போரில் மடிந்த வீரர்களைப் போற்றுமாறு சிறுவர்க்குக் கற்பிக்கும் பாடத்தை நாம் இங்கு அவ்வகையில் நோக்க விரும்புகின்றோம்.

முதலாம் உலகப் போர் 1918 நவம்பர் 11ஆம் நாள் காலை 11 மணிக்கு ஓய்ந்தது. அந்நாள் நெருங்கும்போது பிரித்தானியாவிலும் கனடாவிலும் உள்ள பாடசாலைகளில் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே வகையான பாடம் நடைபெறுகின்றது. சின்னஞ் சிறுவர்கள் சிவப்புக் கடதாசியைக் கத்தரித்துப் பொப்பி மலர் செய்கின்றனர். சற்றே வளர்ந்த பிள்ளைகள் பதுங்குகுழியில் இருக்கும் போர்வீரனாகத் தம்மைப் பாவித்துத் தாய்க்குக் கடிதம் எழுதுகின்றனர். ஊர் நினைவுத்தூணிற் பொறித்த பெயர்களை வாசித்து மலர்வளையம் வைக்கின்றனர். தலைகுனிந்து மௌனமாக நிற்கின்றனர். கனடாவின் இராணுவ வைத்தியரான ஜோன் மக்கிரே 1915 மே மாதத்தில் எழுதிய பிளாண்டர்ஸ் வயல்கள் பற்றிய பாடலை மனனஞ் செய்து ஒப்புவிக்கின்றனர்.

இவற்றை எள்ளி நகையாடுவது எமது நோக்கமன்று. இறந்தோரை நினைத்தல் மனிதப் பண்பு. தான் காணாத ஒருவனுக்காகக் கண்கலங்கக் கற்ற பிள்ளை, ஒன்றும் கற்காத பிள்ளையிலும் மேலானது. இப்பாடம் எதைச் சொல்கிறது என்பதிலன்றி, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதிலேயே நாம் மாறுபடுகின்றோம்.

முதலில் அப்பாடலை எடுத்துக்கொள்வோம். தன் நண்பன் ஒருவன் எறிகணையால் மடிந்ததன் பின்னர் மக்கிரே அதனை எழுதினார். காயமுற்றோரின் மத்தியில் இரவும் பகலும் உழைத்த அவ்வைத்தியரின் துயரம் பொய்யன்று. பாடலின் முற்பகுதி புதைகுழிகளையும் மலர்களையும் பறவைகளையும் காட்டி, நேற்று வரை வாழ்ந்தவர்கள் இன்று இல்லை என்னும் ஏக்கத்தை எளிய சொற்களில் எழுப்புகின்றது. ஆனால் இறுதிப் பகுதியில் அது திசைமாறுகின்றது. இறந்தோர் உயிரோடிருப்பவரை விளித்துப் பகைவருடனான போரைத் தொடருமாறு கேட்கின்றனர். தொடராவிடில் தமக்கு உறக்கமில்லை என்கின்றனர். இரங்கற்பா ஆட்சேர்ப்புப் பாட்டாக மாறிவிடுகின்றது. 1917இல் கனடா அரசாங்கம் போர்க்கடன் பத்திரங்களை விற்பதற்கு இப்பாடலையே விளம்பரத்திற் பயன்படுத்தியது என்பது தற்செயலன்று. கவிஞனின் நேர்மை வேறு; கவிதை சமூகத்தில் ஆற்றும் பணி வேறு. முன்னதை மதிக்கும் நாம் பின்னதைக் காணாதிருத்தல் கூடாது.

பத்து வயதுப் பிள்ளை இப்பாடலை ஒப்புவிக்கும்போது அவ்விறுதிப் பகுதியையும் சேர்த்தே ஒப்புவிக்கின்றது. மௌனமாக நின்ற நெஞ்சில் அக்கட்டளை எவ்வித எதிர்ப்புமின்றி இறங்கிவிடுகின்றது. இறந்தோரின் ஆணையை மறுத்துக் கேள்வி கேட்கும் துணிவு பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

கடிதம் எழுதும் பயிற்சியும் இவ்வாறானதே. சேறு, எலி, குளிர், தாயின் நினைவு ஆகிய யாவும் அக்கடிதங்களில் இடம்பெறுகின்றன. 'நான் இங்கு ஏன் வந்தேன்? எதிர்ப்புறக் குழியில் இருக்கும் யேர்மானியத் தொழிலாளியின் மகன் எனக்கு என்ன தீங்கு செய்தான்? இப்போரினால் ஊதியம் பெறுவோர் யாவர்?' என்னும் வினாக்களோ அரிதாகவே இடம்பெறும். பிள்ளைகள் அவற்றை நினைக்க மாட்டார்கள் என்பதல்ல. பயிற்சி அவற்றைக் கேட்பதில்லை. போர் மழையைப் போல, பூகம்பத்தைப் போல எங்கிருந்தோ வந்து விழுந்த இயற்கை நிகழ்ச்சியாகவே அங்கு தோன்றுகின்றது. 1916 யூலை 1ஆம் நாள் சொம் களத்தில் ஒரே பகலில் 19,240 பிரித்தானியப் படையினர் மடிந்தனர். அவர்கள் இயற்கையின் சீற்றத்தால் மடியவில்லை. நேரங் குறித்து, வரைபடம் கீறி, ஆணையிட்டு அனுப்பியவர்கள் இருந்தனர்.

இக்குறையை நிரப்பக்கூடிய இலக்கியம் ஆங்கிலத்திலேயே உண்டு. நாட்டுக்காக மடிவதைப் புகழ்ந்த உரோமக் கவிஞன் ஹொரஸின் தொடரைத் தலைப்பாக எடுத்து, நச்சுவாயுவால் ஒருவன் துடித்துச் சாகும் காட்சியைக் காட்டி, அத்தொடரைப் பொய்யென்று முகத்திலறைந்தாற்போலச் சொன்னவர் வில்பிரட் ஓவன். போர் ஓய்வதற்கு ஒரு வாரம் முன்னர், 1918 நவம்பர் 4ஆம் நாள், அவரும் களத்தில் வீழ்ந்தார். வீழ்ந்த வீரனைப் போற்ற வேண்டுமாயின் ஓவனின் சொல்லைக் கேட்பதும் போற்றுதலே அல்லவா? அவர் மேல்வகுப்புகளிற் கற்பிக்கப்படுகிறார் என்பது மெய். எனினும் கீழ்வகுப்பில் உணர்ச்சியும் மேல்வகுப்பில் வினாவும் என்று பிரித்து வைத்தால், வினா வந்து சேருமுன் உணர்ச்சி வேரூன்றிவிடும்.

இனி, பெயர்களின் கதைக்கு வருவோம். 2014இல் இலண்டன் கோபுரத்தின் அகழியில், பிரித்தானியாவின் பக்கத்தில் நின்று இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பூவாக, 888,246 மட்பாண்டப் பொப்பி மலர்கள் நடப்பட்டன. மறுபக்கத்தில் இறந்தோருக்கு அங்கு ஒரு பூவும் இல்லை. தம் பக்கத்தில் இறந்தோரையேனும் சமமாக நினைத்தார்களா? பதவி, இனம், மதம் என்னும் வேறுபாடின்றி யாவருக்கும் ஒரே மரியாதை என்னும் கொள்கையோடு 1917இல் தொடங்கப்பட்டதே போர்க் கல்லறை ஆணைக்குழு. அவ்வாணைக்குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. ஆபிரிக்கரும் இந்தியரும் எகிப்தியரும் அடங்கிய 45,000 முதல் 54,000 வரையானோர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர். குறைந்தது 116,000 பேரின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவேயில்லை. அத்தொகை 350,000 வரையும் இருக்கலாம். ஏகாதிபத்தியம் சுமைதூக்க அழைத்தபோது அம்மக்களின் தோள்களை எண்ணிற்று. இறந்தபோது தலைகளை எண்ணவில்லை. பெயரை வாசிக்கும் பாடத்தில், பொறிக்கப்படாத பெயர்களுக்கும் இடமிருத்தல் வேண்டும்.

இவ்விடயம் எமது நாட்டுக்குப் புதியதன்று. பொப்பி மலர் இலங்கைப் பாடசாலைகளிலும் விற்கப்பட்டது. தம் நாட்டு முன்னாள் படையினர் வறுமையில் வாட, திரட்டிய பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியருக்கே செல்வதைக் கண்டு 1931இல் சூரியமல் விற்பனை தொடங்கிற்று. சிங்களத்திற் சூரிய மரம் என்பது நாம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய பூவரசுதான். 1933இல் வாலிபர் கழகங்கள் அதனை ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்த்தன. பிரித்தானிய ஆசிரியையான டொரீன் யங், இலங்கைப் பிள்ளைகளைப் பொப்பி வாங்கச் செய்வதன் பொருந்தாமையைக் கண்டித்து 'சிலோன் டெயிலி நியூஸ்' பத்திரிகையில் எழுதினார். தம் இனத்தவரின் வசையையும் பெற்றார். 1934-35இல் மலேரியா கொள்ளை நோயாகப் பரவியபோது அவ்வியக்கத்தினர் கிராமங்களுக்குச் சென்று பணியாற்றினர். பூவை எதிர்த்துப் பூவை நீட்டியவர்கள் உயிரோடிருப்போரையும் மறக்கவில்லை. அதே 1933ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் கூட்டுறவுப் பெண்கள் சங்கத்தினர், இனியொரு போர் வேண்டாமென்னும் பொருளில் வெள்ளைப் பொப்பியை அணியத் தொடங்கினர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. சிவப்புப் பொப்பியை ஐயுறுவது இறந்தோரை அவமதிப்பதாகாது என்பதற்கு அம்மகளிரே சான்று. அவருட் பலர் போரில் உறவினரை இழந்தவர்கள்.

ஆனால் அந்நியர் பூவை மறுப்பதோடு எமது கடமை முடிந்துவிடுமா? தமிழாசிரியராகிய நாம் கற்பிக்கும் பாடங்களும் உரைகல்லில் வைக்கப்படல் வேண்டும். புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியாரின் பாடலை நாம் எத்தனையோ ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றோம். வீட்டு ஆடவரைப் போரிற் பறிகொடுத்த தாய், போர்ப்பறை கேட்டதும், எஞ்சிய ஒரே மகனின் தலைவாரி, வேலைக் கையிற் கொடுத்து அனுப்புகிறாள். 'மறக்குடி மகளிரின் மாண்பு' என்று கரும்பலகையில் எழுதி நாம் முடித்துவிடுகின்றோம். பாடலின் தொடக்கத்திலேயே அவள் துணிவைக் கண்டு புலவர் திடுக்குறுவதை எத்தனை பேர் நின்று விளக்கினோம்? அத்திடுக்கத்தைப் புகழ்ச்சியென்று மட்டும் கொள்வதே மரபாகிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பாடலை நாம் விளக்கி முடித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அந்தப் பிள்ளை திரும்பி வந்தவனோ?" என்று கேட்டாள். பாடல் அதைச் சொல்லவில்லை என்றோம். அவள் அமர்ந்துவிட்டாள். வகுப்பில் எழுந்த அமைதி எந்த மணியோசைக்கும் கட்டுப்பட்ட மௌனமன்று. 2009 மே மாதத்தில் முடிந்த போரைக் கண்ணாற் காணாத பிள்ளைகள் அவர்கள். ஆயினும் அவர்தம் வீடுகளில் திரும்பி வராத ஒருவரின் படம் தொங்குகின்றது. விரும்பிச் சென்றாரும் உண்டு. வலிந்து கொண்டு செல்லப்பட்டாரும் உண்டு. எச்சீருடையும் அணியாது பதுங்குகுழியில் மடிந்தாரும் உண்டு. தென்னிலங்கையிலும், கூலிக்காகப் படையிற் சேர்ந்து மடிந்த ஏழை விவசாயியின் மகனது படம் அவ்வாறே தொங்குகின்றது. ஒருபக்கத் துயருக்கு அரச மரியாதையும் மறுபக்கத் துயருக்குத் தடையும் கிடைத்த நாடு இது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்து நினைவுச்சின்னம் 2021 ஜனவரியில் இரவோடிரவாக இடிக்கப்பட்டு, எதிர்ப்பின் பின் மீண்டும் எழுப்பப்பட்டதை யாவரும் அறிவர். ஒருவர் துயரை இடித்து இன்னொருவர் துயரை உயர்த்த முடியாது.

ஆகவே நாம் வேண்டுவது பாடத்தை நிறுத்துவதையன்று, நிறைவு செய்வதையே. பூச் செய்யட்டும், அப்பூ யாருக்கு மறுக்கப்பட்டது என்றும் கேட்கட்டும். கடிதம் எழுதட்டும், எதிர்ப்புறக் குழியிலிருந்தும் ஒரு கடிதம் எழுதட்டும். மக்கிரேயை வாசிக்கும் நாளிலேயே ஓவனையும் வாசிக்கட்டும். மாசாத்தியாரின் பாடலுக்கு அருகே, தந்தையையும் மலையையும் இழந்து நிலவொளியில் நின்று புலம்பிய பாரி மகளிரின் பாடலையும் வைக்கட்டும். மறமும் கையறுநிலையும் ஒரே தொகையில் அடுத்தடுத்து நிற்பதைத் தொகுத்தோரே ஒப்பினர். பிரித்துக் கற்பிப்பவர்கள் நாமே.

வீழ்ந்தவனுக்குச் செய்யும் மரியாதை, அவன் ஏன் வீழ்ந்தான் என்று கேட்பதில் தொடங்குகின்றது. அந்த மாணவியின் வினாவுக்கு எம்மிடம் இன்றும் விடையில்லை. ஆனால் அவ்வினாவைக் கேட்கக்கூடிய வகுப்பறையை அமைத்தல் எமது கையில் உள்ளது.