16 செல்லில் ஒன்று போனால்: ஜேகே பிஎம்எஸ்ஸை 15க்கு மாற்றிப் பார்த்தபோது

வீட்டு இன்வெர்ட்டருக்காக 16 எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்களைத் தொடராகக் கட்டிய பேக்கில், சில வருடங்கள் கழித்து ஒரு செல் மட்டும் உப்பிவிடுகிறது. மீதி 15ம் நன்றாகவே இருக்கின்றன. புது செல் ஒன்றை வாங்கி அந்த இடத்தில் வைக்கலாம். ஆனால் பழகிய 15க்கு நடுவே புதியது ஒன்று நின்றால் சார்ஜ் ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் ஒத்துப்போகாது. அதைச் சமன்படுத்தவே, பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் பலகை நாள் முழுக்க உழைக்க வேண்டியிருக்கும். கெட்டதை எடுத்துவிட்டு 15 செல்லோடு ஓட்டுவதுதான் என் தேர்வு. 15 செல் என்பது ஒட்டுப்போட்ட ஏற்பாடும் அல்ல. செல்லுக்கு 3.2 வோல்ட் வீதம் சரியாக 48 வோல்ட் வரும். பைலான்டெக் யுஎஸ்2000 போன்ற பெயர்பெற்ற பேக்குகளே 15 செல்லில் கட்டப்பட்டவை.

சிக்கல் பிஎம்எஸ் பலகையில் வருகிறது. செல் எண்ணிக்கை நிரந்தரமாக அமைந்த பலகை 16 என்றால் 16தான் கேட்கும். காலியான இடத்தின் இரண்டு பேலன்ஸ் வயர்களையும் (செல்லின் வோல்டேஜை அளக்கும் வயர்கள்) சேர்த்து முறுக்கிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் அந்த இடத்தில் பலகை பூஜ்ய வோல்ட்டைப் பார்க்கும், செல் அடியோடு காலி என்று முடிவுகட்டி டிஸ்சார்ஜை நிறுத்திவிடும். அந்த முறை செல்லுபடியாவது சிப்பே அதற்கு இடம் கொடுத்திருந்தால் மட்டும்தான். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிக்யூ76920 சிப் 3 முதல் 5 செல் வரை ஏற்கும். 4 செல் போதுமென்றால் எந்த இரண்டு முனைகளைச் சேர்க்க வேண்டும் என்று அதன் தரவுத்தாளே சொல்லியிருக்கிறது. தரவுத்தாளைப் பார்க்காமல் சாலிடரிங் அயர்னை எடுக்கக் கூடாது.

ஜேகே பலகையை நான் விரும்புவது இதனால்தான். 8 முதல் 24 செல் வரை ஏற்கும், 2 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்ஸ் உள்ள மாடல் இது. புளூடூத்தில் இணைந்து, ஆப்பின் செட்டிங்ஸில் செல் எண்ணிக்கையை 16லிருந்து 15 ஆக்கினால் பலகை ஏற்றுக்கொள்கிறது. பலகையில் சாலிடர் வேலை எதுவும் இல்லை. வயரில் காண்பதும் செட்டிங்கில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று எச்சரிக்கிறது. இந்த ஓர் எச்சரிக்கைக்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம்.

ஆனால் அந்த எண்ணை மாற்றுவது கடைசி வேலை. முதல் வேலை வயரிங். கெட்டது 9வது செல் என்றால் அதை எடுத்து, 8ஐயும் பழைய 10ஐயும் பஸ்பாரால் இணைத்த பிறகு, அதற்கு மேலுள்ள எல்லா பேலன்ஸ் வயர்களும் ஒரு படி கீழே இறங்க வேண்டும். வயரை இறக்கும்போது ஒரு செல்லின் முனையைத் தாண்டிவிட்டால் ஓர் உள்ளீட்டில் இரண்டு செல்லின் வோல்டேஜ், அதாவது சுமார் ஆறரை வோல்ட், ஏறிவிடும். அதனால் பலகை பழுதாகலாம். பேக்கின் பாசிட்டிவ் முனையிலிருந்து பலகைக்கு மின்சாரம் எடுக்கும் வயரும் புதிய 15வது செல்லுக்கு வர வேண்டும். எண்ணிக்கை மாறினால் இணைப்புப் படமும் மாறும் என்பதால் கையேட்டில் 15க்கான படத்தை மட்டும் பாருங்கள். வேலை முடியும்வரை பேலன்ஸ் பிளக் கழன்றே இருக்க வேண்டும். பிளக்கின் அடுத்தடுத்த முனைகளில் மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொன்றிலும் 3.2 அல்லது 3.3 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பிறகு நெகட்டிவ் கேபிளை இறுக்கி, கடைசியாக பிளக்கைச் சொருகுங்கள்.

இணைந்ததும் ஆப்பில் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும், கூடவே ஒவ்வொரு பேலன்ஸ் வயரின் ரெசிஸ்டன்ஸும் தெரிகின்றன. ஒரு வயர் மட்டும் மற்றவற்றைவிடத் தூக்கலாகக் காட்டினால் அங்கே லக் சரியாக இறுகவில்லை என்று பொருள். மறுகட்டு வேலைக்கு இதைவிட உதவியான தகவலை வேறு எந்த ஆப்பிலும் நான் பார்த்ததில்லை. 2 ஆம்பியர் பேலன்ஸும் இங்கேதான் கைகொடுக்கிறது. ஒரு செல் 2 ஆம்பியர்-மணி முன்னே நின்றால், 50 மில்லியாம்பியர் ரெசிஸ்டர் பேலன்ஸுக்கு அது 40 மணி நேர வேலை. இந்தப் பலகைக்குச் சில மணி நேரம் போதும்.

கொள்ளளவு செட்டிங்கைத் தொட வேண்டாம். தொடரில் ஒரு செல் குறைந்தாலும் 100 ஆம்பியர்-மணி பேக் 100ஆகத்தான் இருக்கும். குறைவது ஆற்றல்: 5,120 வாட்-மணி 4,800 ஆகும். அதே 3,000 வாட் சுமைக்கு இழுக்கும் கரண்ட் சுமார் 59லிருந்து 62.5 ஆம்பியராக ஏறும். பழைய கேபிளும் ஃபியூஸும் எல்லையில் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது சார்ஜரில். 16 செல்லுக்கு 56 வோல்ட் வைத்திருந்தால் செல்லுக்கு 3.5 வோல்ட், பாதுகாப்பானது. அதே 56ஐ 15 செல்லுக்குக் கொடுத்தால் செல்லுக்கு 3.73 ஆகிறது. எல்எஃப்பியின் எல்லையான 3.65ஐ அது தாண்டிவிடும். பிஎம்எஸ் குறுக்கே வந்து அறுத்துவிடும், சரி. ஆனால் தினமும் அதன் மாஸ்ஃபெட்டை (மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) நம்பி வீட்டில் தூங்குவது முறையல்ல. சோலார் கன்ட்ரோலர் இருக்கும் இடத்தில் பேனல் மின்சாரம் பாயும்போதே பேட்டரி துண்டிக்கப்பட்டால் கன்ட்ரோலரும் அடிவாங்கலாம். ஆகவே சார்ஜை 52.5 வோல்ட்டுக்கு இறக்குங்கள். இன்வெர்ட்டரின் கீழ் எல்லையும் அப்படியே: 48 வோல்ட்டில் நிற்கும்படி விட்டிருந்தால் செல்லில் 3.2 வோல்ட் இருக்கும்போதே அது கையை விரித்துவிடும். அதை 45 ஆக்க வேண்டும். இந்த இரண்டையும் மாற்ற முடியாத பழைய இன்வெர்ட்டர் என்றால் 15 செல் யோசனையையே கைவிடுங்கள்.

ஆப்பில் செட்டிங்ஸைத் திறக்கும் கடவுச்சொல் ஆரம்பத்தில் 123456தான். அதை முதல் நாளே மாற்றுங்கள். புளூடூத் எட்டும் தூரத்தில் இருக்கும் யாரும் செல் எண்ணிக்கையையும் வோல்டேஜ் எல்லையையும் திருத்த முடிவது பேட்டரிக்கு நல்லதல்ல.

24 வோல்ட்டுக்கு 8 செல் பேக் கட்டுபவருக்கு இந்த மாடலை நான் சொல்ல மாட்டேன். 8 இதன் அடிமட்ட எல்லை. நாளை ஒரு செல் போனால் 7க்கு இறங்க வழியில்லை. பலகைக்குத் தேவையான குறைந்தபட்ச வோல்டேஜ் கிடைக்காவிட்டால் மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு வேண்டிய பத்துப் பன்னிரண்டு வோல்ட்டும் உறுதியாக வராது. அரைகுறையாகத் திறந்த மாஸ்ஃபெட் கொதிக்கும். அவருக்கு 4 முதல் 8 செல் வரை ஏற்கும் பலகை பொருத்தம். 13, 15, 16 செல் பேக்குகளுக்கு இதையே வாங்கலாம்.