லைபீரியாவின் வெள்ளைச் சட்டைகள்: வென்றதும் விட்டதும்

லைபீரியப் போரைப் பெண்கள் நிறுத்தினார்கள் என்பது பாதி உண்மைதான். 2003 ஆகஸ்ட் 11 அன்று அதிபர் சார்லஸ் டெய்லர் பதவி விலகியதற்குச் சியரா லியோன் சிறப்பு நீதிமன்றத்தின் குற்றப்பத்திரிகையும், தலைநகர் மன்ரோவியாவுக்குள் புகுந்துவிட்ட கிளர்ச்சிப் படையும், வாஷிங்டனின் நெருக்குதலும் காரணங்கள். பெண்களின் பங்கை எடைபோடுவதற்கு உரிய இடம் கானாவின் அக்ராவில் நடந்த அமைதிப் பேச்சுவார்த்தை.

அங்கே இரண்டு வகைப் பெண்கள் இருந்தார்கள். ஒன்று, மனோ ஆற்றுப் பெண்கள் அமைதி வலையமைப்பு. படித்தவர்கள், செல்வாக்குள்ளவர்கள், அதிபர்களையே நேரில் பார்த்துப் பேசக்கூடியவர்கள். மற்றது, லேமா போவி திரட்டிய கூட்டம். சந்தை வியாபாரிகளும் அகதி முகாம்வாசிகளும், கிறித்தவரும் முஸ்லிமுமாக, வெள்ளைச் சட்டையில் மன்ரோவியா மீன் சந்தைத் திடலில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தவர்கள். ஜூலையில் அக்ரா மண்டபத்தின் வாசலை மறித்து, பிரதிநிதிகளை வெளியேறவிடாமல் செய்தவர்கள் இவர்கள். ஆகஸ்ட் 18 ஒப்பந்தத்தில் சாட்சியாகக் கையெழுத்திட்டவர்களோ முன்னவர்கள்.

மனம் தரையில் உட்கார்ந்தவர்கள் பக்கமே சாயும். இவர்களைப் பற்றி 2008இல் வந்த ஆவணப்படமும் அப்படித்தான் சாய்கிறது. ஆனால் வாசலில் நெருக்குதல் இல்லாமல் ஓட்டல் வாழ்க்கைக்குப் பழகிவிட்ட பிரதிநிதிகள் அசைந்திருக்க மாட்டார்கள். உள்ளே ஆள் இல்லாமல் அந்த நெருக்குதல் ஒப்பந்த வாசகமாக மாறியிருக்காது. ஒருவர் மற்றவரின் வேலையைச் செய்ய முடியாது. வர்க்க வேறுபாடு தந்த கசப்பு இருந்தது. அதே வேறுபாடுதான் இருமுனைத் தாக்குதலையும் சாத்தியமாக்கியது.

பிறகு வந்த பரிசுகள்தான் இந்த இரு அணிகளுக்கும் இடையே ஏற்பட்ட பிளவுக்குக் காரணம் என்பார்கள். 2003இல் ஐ.நா. மனித உரிமைப் பரிசு மனோ ஆற்று அமைப்புக்கு, 2011இல் நோபல் போவிக்கும் எலன் ஜான்சன் சர்லீஃபுக்கும், யேமனின் தவக்குல் கர்மானுக்கும். மனத்தாங்கல் இல்லாமல் இருக்குமா? ஆனாலும் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இயக்கத்துக்குச் சேதம் பிளவால் வந்ததல்ல, ஒற்றுமையால் வந்தது.

2005 தேர்தலில் பெண்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க இந்த இயக்கம் தெருத்தெருவாக அலைந்தது. சர்லீஃப் வென்றார், ஆப்பிரிக்காவில் மக்கள் தேர்ந்தெடுத்த முதல் பெண் அதிபர். பெருமைதான். ஆனால் திடலில் உட்கார்ந்து ஆட்சியைக் கேள்வி கேட்ட இடம் காலியாயிற்று. தாங்களே ஏற்றிவைத்தவருக்கு எதிராகப் பாய் விரிப்பது எளிதல்ல. டெய்லரை ஆரம்பத்தில் ஆதரித்ததற்காக, சர்லீஃப் 30 ஆண்டுகள் பொதுப் பதவி வகிக்கக் கூடாது என்று 2009இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் பரிந்துரைத்தது. 2011இல் அவர் மறுபடி வென்றார். சர்லீஃப் தன் மகன்களுக்குப் பதவி கொடுத்ததைப் போவி வெளிப்படையாகக் கண்டித்து, தான் வகித்த நல்லிணக்கப் பொறுப்பிலிருந்து விலகியது 2012இல்தான்.

அது துணிச்சல், ஆனால் ஏழு ஆண்டு தாமதம். அக்ராவில் இருந்ததுபோல உள்ளே ஒரு அணி, வெளியே ஒரு அணி என்று உரசிக்கொண்டே நின்றிருந்தால் அந்தக் கேள்வி முன்பே எழுந்திருக்கும். போர்க்குற்ற நீதிமன்றம் அமைப்பதற்கான அலுவலகத்துக்கு ஆணை பிறந்ததும் சர்லீஃபின் 12 ஆண்டுகளில் அல்ல. 2024இல், ஜோசப் போகாய் ஆட்சியில்.