அசையாமல் நிற்கும் குதிரை

பிரிட்டனில் அக்டோபர் பிறந்துவிட்டால் குதிரை லாயங்களில் ரோமம் வெட்டும் மோட்டார் கருவியான கிளிப்பரின் சத்தம் கேட்கத் தொடங்கும். பகல் பொழுது குறையக் குறையக் குதிரைக்குக் குளிர்கால ரோமம் அடர்ந்து வளரும். அந்த ரோமத்தோடு வேகச் சவாரிக்கோ தாண்டும் பயிற்சிக்கோ போய் வந்தால் வியர்வை தோலோடு தங்கிவிடும், உலர மணிக்கணக்காகும், அதுவரை ஈர உடம்போடு குளிரில் நிற்க வேண்டியதுதான். அதனால் ரோமத்தை ஒட்ட வெட்டிவிட்டுப் போர்வை கட்டுகிறார்கள். மெரினா மணலில் குதிரையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். பிரிட்டனிலோ இது ஆண்டுதோறும் நடக்கும் சாதாரண வேலை. சாதாரண வேலை என்பதாலேயே, கிளிப்பரைக் கண்டு மிரளும் குதிரையை நாம் என்ன பாடுபடுத்துகிறோம் என்று யாரும் அதிகம் கேட்பதில்லை.

மிரளும் குதிரையைத் திமிர் பிடித்தது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதன் உடம்பு எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். மனிதக் காது ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும்; குதிரைக்கு 33 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். மோட்டார் போடும் சத்தத்தில் நம் காதுக்கு எட்டாதது அதற்கு எட்டக்கூடும். விலாவில் ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டும் பிராணி அது. அப்படிப்பட்ட தோலின் மேல் அதிர்ந்துகொண்டே சூடேறும் இரும்பை வைக்கிறோம். அழுக்குப் படிந்த ரோமத்தில் ஓடும் மழுங்கிய பிளேடு முடியை வெட்டாது, பிடித்து இழுக்கும். எண்ணெய் விடாத பிளேடு சில நிமிடங்களில் கொதிக்கும். தேர்ந்த கைக்காரர் அடிக்கடி நிறுத்துவார். பிளேடைத் தன் புறங்கையில் வைத்துப் பார்ப்பார். சூடு தெரிந்தால் ஆறவிட்டு, எண்ணெய் விட்டு, அப்புறம்தான் தொடுவார். முன்னங்கால் இடுக்கில் தோல் மெலிந்து மடிந்திருக்கும். அங்கே இன்னொரு கையால் மடிப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு வெட்டுவார். இந்தப் பொறுமை இல்லாதவரிடம் ஒருமுறை சூடுபட்ட குதிரை அடுத்த ஆண்டு மோட்டார் சத்தம் கேட்டதுமே பின்வாங்கினால், தவறு குதிரையுடையது இல்லை.

மிரளும் குதிரையை நிறுத்திவைக்கப் பழைய வழி ஒன்று உண்டு. கம்பின் நுனியில் ஒரு கயிற்று வளையம்; அதற்குள் குதிரையின் மேலுதட்டை மாட்டி முறுக்குவார்கள். குதிரை தலையைத் தாழ்த்தி, கண்கள் சொருகினாற்போல் நின்றுவிடும். வலியால்தான் நிற்கிறது என்று ஒரு சாரார் சொல்லிவந்தார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1984இல் இதற்கு வேறு விளக்கம் தந்தார்கள்: உதட்டை முறுக்கும்போது, உடலே சுரக்கும் வலிநீக்கியான பீட்டா எண்டார்பின் இரத்தத்தில் கூடுகிறது. பிற்பாடு இதயத்துடிப்பை அளந்து பார்த்தவர்களின் முடிவு இன்னும் உதவியானது. உதட்டு முறுக்கு முதல் ஐந்து நிமிடம்போலக் குதிரையைத் தணிக்கிறது. அதைத் தாண்டினால் உடல் பதற்றத்துக்குத் திரும்புகிறது. காதைப் பிடித்து முறுக்கினாலோ தொடக்கத்திலிருந்தே பதற்றம்தான். ஆகவே ஒரு சிறு காயத்துக்கு மருந்து போடும் நேரத்துக்கு உதட்டுக் கயிற்றை ஒப்புக்கொள்ளலாம். உடம்பு முழுக்க ரோமம் வெட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் கயிற்றை முறுக்கியே பிடித்திருக்கும் லாயங்கள் உண்டு; அதை நான் கொடுமை என்றே சொல்வேன். காது முறுக்குக்கு எந்த நியாயமும் கிடையாது.

கயிறு, அதட்டல், சுவரோடு நெருக்கி நிறுத்துவது என்று எல்லா வழிகளுக்கும் பின்னால் இருப்பது ஒரே அளவுகோல்: குதிரை நின்றதா, வேலை முடிந்ததா? இந்த அளவுகோலே பிழையானது என்று காட்டியது நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. கிளிப்பருக்கு அடங்கி நிற்கும் குதிரைகளையும் முரண்டு பிடிப்பவற்றையும் அவர்கள் தனித்தனியாகப் பிரித்தார்கள். ஓடும் கிளிப்பரை முடி வெட்டாமல் அவற்றின் உடலில் நகர்த்தினார்கள். உமிழ்நீரில் பதற்றத்தைக் காட்டும் கார்டிசால், கண்ணின் வெப்பநிலை முதலியவற்றை அளந்தார்கள். நடத்தையில் இரு கூட்டத்துக்கும் வேறுபாடு தெரிந்தது. உடலின் அளவுகளிலோ சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. சாது என்று பெயரெடுத்த குதிரையும் உள்ளுக்குள் அதே அளவு அவதிப்பட்டிருக்கிறது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் பல பத்தாண்டு அனுபவத்தின் பேரில் 'என் குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை' என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மிரளும் குதிரைக்குத் தணிப்பு மருந்து கொடுப்பது இப்போது பெருகியிருக்கிறது. நாக்குக்கு அடியில் தடவும் டெட்டோமிடின் ஜெல்லைக் கால்நடை மருத்துவர் எழுதித் தருவார். கயிற்றைவிட இது எவ்வளவோ மேல். சரியாகப் பயன்படுத்தினால் மனிதருக்கு அடிபடும் ஆபத்தும் குறையும். ஆனால் தடவிய பிறகு ஏறக்குறைய நாற்பது நிமிடம் குதிரையைச் சத்தமில்லாத இடத்தில் விட்டுவைக்க வேண்டும். அவசரப்பட்டு ஐந்தாவது நிமிடத்தில் மோட்டாரைப் போட்டால், பதற்றம் மருந்தை வென்றுவிடும். தலை தொங்கிய குதிரை உதைக்காது என்று நம்பிப் பின்னங்காலருகே குனிவதும் ஆபத்து. எச்சரிக்கையே காட்டாமல் குறி தப்பாது உதைக்கக்கூடும். வியர்த்தும் போகும், ஈர ரோமத்தில் பிளேடு ஓடாது. அசிப்ரோமசின் என்ற இன்னொரு மருந்தைப் பற்றி எனக்கு இன்னும் அதிகத் தயக்கம் உண்டு. அது உடலின் எதிர்ப்பைக் குறைக்கிறது, வலியைக் குறைப்பதில்லை. மேலே சொன்ன ஆய்வை நினைத்துப் பார்த்தால், அடங்கிய உடம்பைப் பார்த்துத் திருப்தியடையும் அதே பழைய பிழை இதிலும் நேரலாம். மருந்து தந்த ஆண்டில் குதிரை எதையும் கற்றுக்கொள்வதுமில்லை.

கற்றுக்கொடுக்கும் வழி, பழக்குவது ஒன்றே. நிறுத்திய கிளிப்பரை முதலில் முகர்ந்து பார்க்க விடுவது. தூரத்தில் ஓடவிட்டுத் தீனி கொடுப்பது. தோளில் கையை வைத்து, அந்தக் கையின் மேல் கிளிப்பரை வைத்து, அதிர்வை மட்டும் உணரச் செய்வது. இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனாலும் பலர் இதைப் பிழையாகச் செய்கிறார்கள். குதிரை துள்ளிய கணத்தில் கிளிப்பரை எடுத்தால், துள்ளினால் போய்விடும் என்பதே அது கற்கும் பாடம். துள்ளத் துள்ள விடாமல் அழுத்தினால், இனித் தப்ப வழியில்லை என்று ஒடுங்கிப்போகும். அந்த ஒடுக்கத்தைப் பார்த்து 'பழகிவிட்டது' என்று மகிழ்பவர்களும் உண்டு. துள்ளத் தேவையே வராத தூரத்தில் தொடங்கி, அது தாடையைத் தளர்த்தும்போது விலகுவதுதான் திறமை. இதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். லாயத்து ஊழியர் ஒருவர் கையில் எட்டுப் பத்துக் குதிரைகள் இருந்தால் அந்த நேரத்துக்கு எங்கே போவார்? குறையை முறையின் மேல் போடுவதைவிட, அவருக்கு நேரம் ஒதுக்காத லாய உரிமையாளர் மேல் போடுவதே சரி.

எல்லாவற்றுக்கும் முன்னால், எவ்வளவு வெட்ட வேண்டும் என்று கேட்க வேண்டும். வார இறுதியில் மட்டும் மெதுவாகச் சவாரி போகும் குதிரைக்குக் கழுத்தின் அடிப்புறமும் மார்பும் வெட்டினால் பெரும்பாலும் போதும். மிரளும் குதிரை மிகவும் போராடுவது தலையிலும் காதுகளிலும்தான்; அங்கே வெட்டுவதோ பெரும்பாலும் அழகுக்காக. மூக்கையும் கண்ணையும் சுற்றியுள்ள உணர்ரோமங்களை வெட்டிய குதிரை போட்டியிடக் கூடாது என்று சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜூலை 1 முதல் விதி செய்தது. ஜெர்மனியில் அதற்கு முன்பே தடை இருந்தது. அதனால் போட்டிகள் ஒன்றும் நின்றுவிடவில்லை. காதின் உட்புற ரோமத்தையும் அப்படியே விட்டுவிடலாம்.

வெட்டாமல் இருக்க முடியாத குதிரைகளும் இருக்கின்றன. பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறுள்ள கிழக் குதிரைக்கு ரோமம் உதிராது. வெயில் காலத்திலும் கம்பளி போர்த்தினாற்போல் வெந்து நிற்கும். அதற்கு வாரக்கணக்கில் பழக்கிக்கொண்டிருக்க முடியாது. மருத்துவரை அழைத்து, மருந்து கொடுத்து, அன்றைக்கே வெட்டிவிட வேண்டும். மற்றக் குதிரைகளைப் பழக்க ஜூன் மாதமே தகுந்த காலம். வெட்ட ரோமமே இல்லாதபோது அவசரமும் இருக்காது. பிளேடு கழற்றிய கிளிப்பரைத் தீனித் தொட்டிக்குச் சற்றுத் தள்ளி ஓடவிட்டு, தினமும் சில நிமிடம் செலவிட்டால், அக்டோபருக்குள் நான்கு மாதம் கையில் இருக்கும்.