எக்ஸ்பிக்குள் ஓர் அழைப்பிதழ்

அறுபதாம் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் காரைக்குடி அச்சகத்துக்கு வருகிறவர், "முந்தி அடிச்ச மாதிரியே இருக்கட்டும்" என்றால் அந்தப் பழைய கோப்பு பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கவே வாய்ப்பு அதிகம். 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு.

மென்பொருள் பழசாகிப்போனதோடு சிக்கல் நிற்பதில்லை. யூனிகோடு பரவுமுன் வந்த பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்காரவைத்தவை. பாமினியில் தட்டிய 'அம்மா', அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். அழைப்பிதழில் உள்ள ஐயா பெயர், ஊர், கோயில் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

இங்கேதான் மெய்நிகர் கணினி கைகொடுக்கிறது. 2007இல் வெளியான வெர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள், புதிய கணினியின் நினைவகத்தில் ஒரு பங்கையும் வட்டில் ஒரு கோப்பையும் ஒதுக்கி, அதுவே தனிக் கணினி என்று பழைய விண்டோஸ் எக்ஸ்பியை நம்பவைக்கிறது. பழைய எழுத்துருக்களும் பேஜ்மேக்கரும் அதற்குள் பழையபடியே இயங்கும்.

இதில் மிக அழகானது ஸ்னாப்ஷாட். எல்லாம் சரியாக அமைந்த நிலையை ஒருமுறை பதிந்துவைத்தால் போதும்; பிறகு எது கெட்டாலும் நொடியில் அங்கே திரும்பலாம். எந்த நிஜக் கணினியும் இந்தச் சலுகையை இவ்வளவு சுலபமாகத் தருவதில்லை.

எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஓடு நின்றுவிட்டதால், உள்ளே இணையத்தைத் துண்டித்து வைப்பது கட்டாயம். திருத்திய அழைப்பிதழைப் பிடிஎஃப் ஆக்கிப் பகிர்வுக் கோப்புறையில் போட்டால், வெளியே இருக்கும் புதிய பிரின்டர் அடித்துத் தள்ளும்.