படம் ‘இல்லை’ என்றால் நம்பலாமா?

எக்ஸ்-ரேயில் காற்றுக் குமிழ் தெரியவில்லை என்பதை வைத்து, தசையுறை புரையோடும் நோய் இல்லை என்று முடிவு கட்டுவது ஆபத்தானது. ‘நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ்’ என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நோய், மேல்தோல் ஓரளவு நன்றாகத் தெரியும்போதே உள்ளே மணிக்கணக்கில் பரவிக்கொண்டிருக்கும். அதனால்தான் படத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைக்கிறோம்.

அந்த நம்பிக்கை எவ்வளவு செல்லும்? 2019இல் ‘அனல்ஸ் ஆஃப் சர்ஜரி’ இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 49 விழுக்காட்டினரையே எக்ஸ்-ரே கண்டுபிடிக்கிறது. மீதிப் பாதிப் பேர் தப்பிவிடுகிறார்கள். காரணம் எளியது. கிளாஸ்ட்ரிடியம் போன்ற சில கிருமிகள்தாம் காற்றை உண்டாக்கும். இந்த நோயின் முக்கியக் குற்றவாளிகளில் ஒன்றான ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பெரும்பாலும் உண்டாக்காது. உண்டாக்காத தடயத்தை எந்தப் படத்தில் தேடுவது?

சி.டி. ஸ்கேன் பல படி மேல். உறை தடிப்பதையும் அதை ஒட்டி நீர் கோப்பதையும் காட்டும். அதே ஆய்வில் 88.5 விழுக்காடு. அப்போதும் நூற்றில் பதினொருவர் விடுபடுகிறார்கள். எம்.ஆர்.ஐ.க்கு நேர் எதிரான குறை: சாதாரணத் தோலடித் தொற்றிலும் உறை பளிச்சென்று தெரிந்து மிரட்டும். ரத்த அழுத்தம் சரியும் நோயாளியை அவ்வளவு நேரம் குழாய்க்குள் படுக்கவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. படுக்கையருகே செய்யும் அல்ட்ராசவுண்டை வரவேற்கிறேன். தைவானில் 62 பேரிடம் நடந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது; உறையோரம் 4 மில்லிமீட்டருக்கு மேல் நீர் கோத்திருப்பதை அடையாளமாகக் கொண்டு அது நல்ல முடிவே கண்டது. ஆனால் 62 பேர் போதாது; கருவி பிடிப்பவரின் கைப்பழக்கமும் வேண்டும்.

என் தீர்ப்பு இது: எம்.ஆர்.ஐ.யை விட்டுவிட்டால், படம் ‘இருக்கிறது’ என்றால் நம்பலாம். ‘இல்லை’ என்று சொல்லும் அதிகாரம் அதற்குக் கிடையாது. சந்தேகம் வலுத்தால் சிறு கீறல் போட்டுப் பார்க்க வேண்டும். உறை சாம்பல் நிறமாகி, ரத்தம் கசியாமல், கலங்கிய கழுநீர்போல் வடிந்து, விரல் தடையில்லாமல் உள்ளே போனால் வேறு சான்று வேண்டாம். நோயாளி நிலைகுலையாமல் இருந்து, சந்தேகமும் அரைகுறையாக இருக்கும்போது மட்டும் சி.டி. எடுக்கலாம்.

சிவப்பும் வீக்கமும் கொஞ்சம், வலி மட்டும் தாங்க முடியாத அளவு என்றால், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகள், கையில் நல்ல ரிப்போர்ட் இருந்தாலும் அறுவை மருத்துவர் ஒருவர் உடனே பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திக் கேளுங்கள்.