சர்வாதிகாரியின் முதுகுப் பிளவை: நவாப் ஹைதர் அலீயின் மரணம் குறித்த மருத்துவ ஊகங்கள்

மைசூர் மன்னரைப் பெயரளவில் அரியணையில் அமர்த்திவிட்டு, 1761 முதல் ஆட்சியைத் தம் கையில் வைத்திருந்த நவாப் ஹைதர் அலீ கான் ‘சர்வாதிகாரி’ எனும் பட்டம் தாங்கியவர். அந்நாளில் அது தலைமை அமைச்சரைக் குறித்த பதவிப்பெயர். இன்றைய பொருளை அதன்மீது ஏற்றி அவரைக் கொடுங்கோலராக்குவோர் உளர். அவரது மரணத்தை ஆராய்வோரிடமும் இத்தகைய சொல்மயக்கமே காணப்படுகிறது.

1782 டிசம்பரில், சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் அவர் காலமானார். நாள் 6 என்பாரும் 7 என்பாரும் உண்டு. பாரசீக ஏடுகளோ ஹிஜ்ரி 1197 முஹர்ரம் பிறை 1 முதல் 4 வரை வேறுபடுகின்றன.

‘முதுகில் புற்றுநோய்’ என்று பல நூல்கள் எழுதிச் செல்கின்றன. கர்னல் மார்க் வில்க்ஸின் குறிப்பை ஊன்றிப் படித்தால் இதன் மூலம் புலப்படும். அந்நோயை இந்துக்கள் அரசகட்டி என்ற பொருளிலும், முஸ்லிம்கள் ‘சரத்தான்’ என்றும் அழைத்ததாக அவர் எழுதுகிறார். அரபியில் சரத்தான் என்றால் நண்டு. இப்னு சீனா முதலிய ஹகீம்கள் புற்றுநோய்க்கு வழங்கிய பெயரும் அதுவே. பெயரைப் பிடித்துக்கொண்டவர்கள் நோயின் போக்கைப் பார்க்கவில்லை. நவம்பரில் வெளிப்பட்ட கட்டி சில வாரங்களில் உயிரைக் குடித்தது. புற்று இவ்வளவு விரைந்து கொல்வது அரிது. பல கண்கள் வைத்துச் சீழ்கொண்டு, நச்சு குருதியில் பரவி மாய்க்கும் ராஜபிளவைக்கே இவ்வேகம் பொருந்தும். நம் முன்னோர் அதைச் செல்வர் நோய் என்றது வீணன்று. நீரிழிவுடையோரை அது எளிதில் பற்றும். ஆனால் அதைக்கொண்டு ஹைதருக்கும் நீரிழிவு இருந்ததென எழுதுவது மருத்துவமன்று, கற்பனை.

ஐயத்திற்கு இடமளித்தது நோயன்று, மறைப்பு. பூர்ணய்யாவும் கிருஷ்ணராவும் ஜனாஸாவைப் பெட்டியிலிட்டு, கருவூலப் பொருள்போல் கோலாருக்கு அனுப்பினர். பாசறையில் எப்போதும்போல் அலுவல்கள் நடந்தன. இதையே சூழ்ச்சிக்குச் சான்றாக்குவது சரியாகாது. வாரிசான திப்பு அப்போது பொன்னானியில் கும்பினிப் படையை எதிர்த்து நின்றார். இடையே கொங்குநாடு முழுதும் கிடந்தது. செய்தி கசிந்த சிறு வட்டத்திலேயே முஹம்மது அமீன் என்பவர் திப்புவின் தம்பி அப்துல் கரீமை அமர்த்த முயன்று பிடிபட்டார். கும்பினியாரும் வாளாவிருக்கவில்லை: 1783 ஏப்ரலில் கரூர் வீழ்ந்தது, நவம்பரில் புல்லர்ட்டன் பாலக்காட்டையும் கோயம்புத்தூரையும் கைப்பற்றினார்.